கத்தியின் பிடி யார் கையில்?



நாட்டில் பேசவேண்டிய பிரச்சினைகள் மலையெனக் குவிந்து கிடக்க, சவரம் செய்துகொள்ளும் பிளேடைப் பற்றியா ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். உப்பும் அற்பப் பொருள்தான். அந்த அற்பப் பொருளை அள்ளத்தான் 1930ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ஒரு படை நடந்தது. அதைக் கண்டு ஏகாதிபத்தியம் அரண்டது. ஏழையின் கைக்கு அன்றாடம் வந்து சேரும் பொருள் எதுவோ, அதிலேதான் ஆதிக்கத்தின் விரல் ரேகை ஆழமாகப் பதிந்திருக்கும். மாளிகைவாசியின் முகத்திலும் மண்குடிசைவாசியின் முகத்திலும் தாடி ஒன்றுபோலத்தான் முளைக்கிறது. அதை மழிக்கும் மெல்லிய தகடு எங்கே பிறந்தது, யாருடைய பெட்டியை நிரப்பிற்று என்று கேட்பது அரசியல் அல்லாமல் வேறென்ன?

கடைத்தெருவிலே மூவர் பேசிக்கொள்வதைக் கேளுங்கள்.

தேசபக்தர்: உறையைத் திருப்பிப் பார். ‘இந்தியாவில் செய்தது’ என்று அச்சடித்திருக்கிறதா? இருந்தால் வாங்கு, இல்லையேல் வீசு!

வணிகர்: எங்கே செய்தால் என்ன ஐயா? கன்னம் கிழியக் கூடாது, காசு மிஞ்ச வேண்டும். அவ்வளவுதான்!

தொழிலாளி: உறையையும் பார்த்தேன், விலையையும் பார்த்தேன். ஒன்றை மட்டும் நீங்கள் இருவருமே சொல்லவில்லையே! இந்தக் கத்தியின் பிடி யார் கையில் இருக்கிறது?

அந்தத் தொழிலாளியின் கேள்விதான் நம் கேள்வி.

‘சேப்டி ரேசர்’ என்று நம் மக்கள் சொல்லிப் பழகிவிட்ட பாதுகாப்புச் சவரக் கருவியின் வரலாறே இந்தக் கேள்விக்கு நல்ல பாடம். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்றொருவர், புட்டிகளுக்கு மூடி செய்யும் கம்பெனியின் சரக்கை ஊர் ஊராய்ச் சென்று விற்றவர். பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பொருள் ஒன்றைக் கண்டுபிடி, மக்கள் மீண்டும் மீண்டும் உன்னிடமே வருவார்கள் என்று அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அவருக்கு யோசனை சொன்னார். 1895ல் சவரம் செய்துகொண்டிருந்த வேளையில் ஜில்லெட்டுக்கு எண்ணம் உதித்தது. எண்ணம் உதித்தால் போதுமா? அத்தனை மெல்லிய எஃகுத் தகட்டைப் பதப்படுத்தி விளிம்பைக் கூராக்க முடியாது என்று விவரமறிந்தவர்கள் கைவிரித்தனர். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான இயந்திரங்களை வகுத்துத் தந்த பிறகே தொழில் எழுந்து நின்றது. 1903ல் விற்றவை 51 கருவிகள், 168 பிளேடுகள்! 1904ல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக வாங்கியவை ஏறத்தாழ 35 லட்சம் கருவிகள்! பதினைந்தே ஆண்டுகளில் இத்தனை பெரிய பாய்ச்சல்.

காப்புரிமை உயிரோடு இருந்தவரை கருவியின் விலை 5 டாலர். 1921ல் அது காலாவதியானதும் போட்டியாளர்கள் புகுந்தனர். உடனே விலை இறங்கிற்று. பிடியை மலிவாகக் கொடு, பிளேடுக்காக வாழ்நாளெல்லாம் வருவான் என்ற வியாபாரத் தந்திரம் வலுப்பெற்றது. இதைக் கேட்கும்போது நமக்குத் தூத்துக்குடி நினைவுக்கு வரவேண்டும். வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பலைக் கவிழ்க்க வெள்ளைக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, இலவசமாகவே ஏற்றிக்கொண்டது, கையிலே ஒரு குடையையும் கொடுத்தது! மலிவு என்பது எப்போதும் கருணை அல்ல, தோழர்களே. பலவேளைகளில் அது தூண்டிலில் கோத்த புழு.

இதிலே ஒரு விந்தையையும் காணுங்கள். இந்த ஜில்லெட், கத்திக் கம்பெனி தொடங்கும் முன்பே, 1894ல், போட்டி என்பதே மனித குலத்தின் சாபம், தொழில்கள் யாவும் மக்களுக்குச் சொந்தமான ஒரே நிறுவனமாக வேண்டும் என்று நூல் எழுதியவர். பொதுவுடைமைக் கனவு கண்டவர் தனியுடைமையின் சின்னமானார்! அவருடைய முகம் பிளேடு உறைகளில் அச்சாகி உலகைச் சுற்றியது. கம்பெனியின் பிடியோ அவர் கையிலிருந்து நழுவிற்று. பெருமந்தத்தில் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து 1932ல் மறைந்தார். கண்டுபிடித்தவன் கையிலேயே பிடி நிற்கவில்லை என்றால், கூலிக்கு உழைப்பவன் கையில் அது தானாக வந்து சேருமா?

ஆலை நம் ஊரில் இருந்தால் போதும் என்போர் இங்கிலாந்தைப் பார்க்கட்டும். லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில், 1937ல் ஜில்லெட் ஆலை எழுந்தது. உயர்ந்த மணிக்கூண்டு, செங்கல் மாளிகை, நாற்சந்திக்கே ‘ஜில்லெட் முனை’ என்று பெயர்! தந்தை வேலை பார்த்த ஆலையிலே மகனும் சேரலாம் என்று நம்பத்தக்க அளவுக்கு ஆண்டுகள் ஓடின. கட்டிடம் இங்கிலாந்தில், கை இங்கிலாந்துக்காரன் கை, உறையிலே இங்கிலாந்தின் பெயர். ஆனால் முடிவெடுக்கும் மேசை மட்டும் அமெரிக்காவில்! 2006ல் அந்த மேசையின் முடிவு நிறைவேறியது, ஆலை மூடப்பட்டது, உற்பத்தி போலந்துக்குப் பெயர்ந்தது. கட்டிடம் நிற்கிறது, மணிக்கூண்டும் நிற்கிறது. வேலைதான் இல்லை. போலந்துத் தொழிலாளி நமக்குப் பகைவனா? இல்லை. அவனும் வயிற்றுக்காக உழைப்பவன்தான். நாளை இன்னும் மலிவான கூலி வேறெங்கேனும் கிடைத்தால் அவன் கதியும் இதுவே.

சரி, உரிமையாளன் உள்நாட்டான் என்றால் போதுமா? அதற்கும் இங்கிலாந்திலேயே விடை உண்டு. 1960களின் தொடக்கத்தில் வில்கின்சன் ஸ்வோர்டு என்ற பழம்பெரும் ஆங்கிலக் கம்பெனி, துருப்பிடிக்காத எஃகில் மேற்பூச்சுப் பூசிய பிளேடை வெளியிட்டது. ஒரே தகடு பல நாள் உழைத்தது. ஜில்லெட்டின் சந்தை ஆட்டம் கண்டது. ஆங்கிலேயர் மார் தட்டினர். ஆனால் அந்த மேற்பூச்சு முறைக்கான காப்புரிமை யாரிடம் இருந்தது? ஜில்லெட்டிடம்! தோற்ற கம்பெனிக்கே வென்ற கம்பெனி உரிமைத்தொகை செலுத்திற்று. ஆலையும் சொந்தம், ஆளும் சொந்தம், அறிவு மட்டும் அயலானுடையது என்றால் இதுதான் நிலை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலைக்குப் பின் பிளேடுத் தொழிலில் காலூன்றி நின்றவர்கள் மல்கோத்ரா குடும்பத்தார். கல்கத்தாவிலிருந்து டோபாஸ் வந்தது. பம்பாயை அடுத்த தானேயிலிருந்து சூப்பர்-மாக்ஸ் வந்தது. பெட்டிக் கடையிலே சில்லறைக்கு ஒரு பிளேடு கிடைத்ததென்றால் அதற்கு உள்நாட்டு ஆலைகளே காரணம். நம் முடிதிருத்தும் தோழர்கள் ஒரு பிளேடை நடுவே ஒடித்து, ஆளுக்கொரு பாதி என்று புதிதாக மாட்டுகிறார்களே, தொற்றுநோய்க்கு அஞ்சும் காலத்தில் அந்தத் தூய்மை ஏழைக்கும் கிட்டியதற்குக் காரணமும் அந்த மலிவான தகடுதான். உள்நாட்டு உற்பத்தியின் இந்த நன்மையை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

அன்னிய மூலதனத்துக்கு வேலி போட்டது 1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம். பெரும்பாலான தொழில்களில் அயலார் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. அந்த வேலி இருந்த நாளிலேதான், 1984ல், ஜில்லெட் இந்தியத் தொழிலதிபரான போத்தாரின் கையைப் பற்றிக்கொண்டு ‘இண்டியன் ஷேவிங் புராடக்ட்ஸ்’ என்ற பெயரில் உள்ளே வந்தது. பெயரிலே இந்தியா! ஆலை ராஜஸ்தானத்துப் பிவாடியில். 1991ல் வேலி தளர்ந்தது; 51 விழுக்காடு வரை பல தொழில்களில் கதவு திறந்தது. 2000ல் பெயரும் ‘ஜில்லெட் இண்டியா’ ஆயிற்று. 2005ல் அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் 5,700 கோடி டாலர் மதிப்பில் ஜில்லெட்டை விழுங்க, பிவாடி ஆலையின் தலைவிதியும் அந்த ஒரே கையெழுத்தில் கைமாறிற்று. ஆலை ஓர் அங்குலமும் நகரவில்லை. தொழிலாளி அதே வாயிலில்தான் நுழைந்தான். அவனுடைய முதலாளி மட்டும் கடலுக்கு அப்பால் மாறினான். உறையிலே ‘இந்தியாவில் செய்தது’ என்று படித்து உள்ளம் பூரிக்கும் தேசபக்தருக்கு இது தெரியுமா?

அறிவின் கதையையும் கேளுங்கள். இந்தியச் சந்தைக்கென்று அந்தக் கம்பெனி முதலில் செய்த கருவியை அமெரிக்காவில் பயிலும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. நன்று என்றனர். இங்கே வந்தபோது அது தடுமாறிற்று. காரணம் என்ன? அங்கே மாணவனுக்குக் குழாயைத் திறந்தால் நீர் கொட்டுகிறது. இங்கே நம் உழைப்பாளியோ ஒரு கிண்ணத் தண்ணீரை வைத்துக்கொண்டு, தரையில் அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில் மழித்துக்கொள்கிறான். ஓடும் நீர் இல்லாமல் பிளேடு இடுக்கில் மயிர் அடைத்துக்கொண்டது. பிறகு அவர்களுடைய ஆராய்ச்சியாளர்கள் இங்கே வந்து, நம் வீடுகளில் மணிக்கணக்கில் அமர்ந்து, நம்மவர் மழிப்பதைக் கண்டு கற்றனர். நான்கே உறுப்புகள் கொண்ட கருவி ஒன்றை வகுத்தனர். 2010ல் 15 ரூபாய்க்கு விற்றனர். மாற்றுப் பிளேடு 5 ரூபாய். கிண்ணத்துத் தண்ணீர் தந்த அறிவு நம் ஏழையுடையது. கருவியின் உரிமை அவர்களுடையது! நம் வறுமையைக்கூட நாம் ஆராயவில்லை. அயலான் வந்து ஆராய்ந்து, பொருளாக்கி, நமக்கே விற்றான். அவன் திறமையை ஏசிப் பயனில்லை. நம் ஆராய்ச்சிக் கூடங்கள் எங்கே போயின என்று கேட்பதுதான் நேர்மை.

இன்னொன்றும் உண்டு. கல்கத்தா, தானே, பிவாடி என்று சொல்லி வந்தேன். பிளேடுக்கான எஃகுத் தகட்டை உலகிலேயே மிகுதியாகச் செய்வது தானே என்று பெருமை பேசிக்கொள்ளும் இந்திய ஆலை இருப்பது ஹரியானாவின் ஹிசாரில். வரிசையிலே நம் ஊரின் பெயர் எங்கே? உள்நாடு, உள்நாடு என்கிறார்களே, அந்த உள்நாட்டுக்குள் தெற்கு இருக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எஃகு நமக்குப் புதிதா? ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் மண்ணைத் தோண்டினால் இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைக்கிறது. தென்னகத்து உருக்கை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றழைத்தனர். லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞர், தாம் செய்யும் சவரக் கத்திகளும் அறுவைக் கருவிகளும் அந்த இந்திய எஃகினால் ஆனவை, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட அது மேலானது என்று விளம்பரமே செய்தார்! மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து அந்த எஃகின் மர்மத்தைத் துருவி, உலோகக் கலவைகளைப் பற்றிய ஆய்வை 1820ல் வெளியிட்டார். சீமைத் துரையின் கன்னத்தில் ஓடிய கத்தி நம் தென்னாட்டு உலையில் பிறந்த எஃகு!

அதன்பின் என்ன நடந்தது? 1830ஐ ஒட்டி, சென்னை மாகாணக் கம்பெனி அதிகாரியான ஜோசையா மார்ஷல் ஹீத், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாதுவை உருக்கி, இரும்பை ஷெஃபீல்டு நகருக்கு அனுப்பினார். கனியும் விறகும் வியர்வையும் இங்கே. கூரும் கீர்த்தியும் லாபமும் அங்கே. அந்த நூற்றாண்டு முடியுமுன் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது. ஷெஃபீல்டு கத்தி மட்டும் பட்டுறை போர்த்து நம் கடைத்தெருவில் வந்து அமர்ந்தது.

அந்த வரலாற்றுப் பழியைத் துடைக்கவே 1967ல் முதலமைச்சர் அண்ணா எழுச்சி நாள் கண்டு, சேலத்துக்கு உருக்காலை கேட்டார். 1970ல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1981ல் உற்பத்தி தொடங்கிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே பதினான்கு ஆண்டுகள்! பெற்றதையாவது பேணினார்களா? 2019ல் அதை விற்க விலை கூவினார்கள். தொழிலாளர் கொடி பிடித்தனர். 2023ல் அந்த விற்பனை முயற்சி கைவிடப்பட்டது. நாணயங்களுக்கான வில்லைகளை வார்த்துத் தந்த ஆலை அது. தக்க இயந்திரங்களும் முதலீடும் தந்தால் பிளேடுக்கான தகடு செய்ய அதனால் இயலாதா? கைத்திறன் உண்டு, கனி உண்டு, கல்லூரிகள் உண்டு. இல்லாதது டெல்லியின் மனம் ஒன்றே.

ஆகவே, தோழர்களே, நம் நிலை தெளிவாகட்டும். அயல்நாட்டுப் பொருளைக் கண்டாலே எரித்துவிடு என்பது நம் கொள்கை அல்ல. பாமரன் மலிவான கருவியில் பெறும் சுகத்தைப் பறிப்பது பகுத்தறிவும் ஆகாது. உள்நாட்டு முதலாளி என்றாலே ஆலவட்டம் வீசுவதும் நம் வேலை அல்ல. ஆலை இங்கே எழட்டும், வரவேற்போம். வரவேற்கும் வாயினாலேயே மூன்று கேள்விகளையும் கேட்போம்.

ஒன்று: ஆலையை மூடவும் திறக்கவும் முடிவெடுக்கும் மேசை எங்கே இருக்கிறது?

இரண்டு: எஃகும் இயந்திரமும் செய்முறையும் யாருடைய உரிமை?

மூன்று: கூராக்குகிறவன் வீட்டு உலையில் அரிசி வேகிறதா?

எந்த மேடையில் எவர் சுதேசி பேசினாலும் இந்த மூன்றையும் எழுந்து கேளுங்கள். கிளைக் கழகக் கூட்டங்களில் பேசுங்கள், படிப்பகங்களில் விவாதியுங்கள், சேலத்துத் தோழர்கள் உருக்காலை வாயிலில் முழங்குங்கள். விடை சொல்ல முடியாதவரின் தேசபக்தி வெறும் நுரை.

கூர் நம் முகத்தின்மேல், பிடி அயலான் கையில் என்ற நிலை நீடிக்கும்வரை, காயம் நமக்குத்தான். உறையைப் படித்தது போதும், உரிமையைக் கேட்போம்!