கேட் சாவி யாரிடம் இருக்கிறது?

தர்மபுரியில் பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் பெங்களூர். வேலைக்குப் போகிறவர்கள், சரக்கு எடுக்கப் போகிறவர்கள், மேட்ச் பார்க்கப் போகிற பையன்கள் என்று தினமும் எத்தனையோ பேர் போய் வருகிறார்கள்.

அந்தப் பெங்களூரில்தான் 2025 ஜூன் 4-ந்தேதி சின்னசாமி ஸ்டேடியத்தின் வாசலில் 11 பேர் நெரிசலில் சிக்கி பரிதாபமாக இறந்தார்கள். ஐ.பி.எல். கோப்பையை ஜெயித்த அணியைப் பார்க்க வந்த கூட்டம் அது. அன்றைக்கு ஆட்டம்கூட கிடையாது. ஸ்டேடியத்தில் சுமார் 35 ஆயிரம் பேர் உட்காரலாம். வந்ததோ லட்சக்கணக்கில். வெளியே உயிர் போய்க்கொண்டிருக்க, உள்ளே பாராட்டு விழா நடந்தது!

"அவ்வளவு கூட்டம் வந்தா யார் என்னங்க பண்ண முடியும்?" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அதிகாரிகளும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கால்பந்து மைதானங்களில் நடந்த சாவுகளை எடுத்துப் பார்த்தால், கூட்டத்தைவிட பூட்டுதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது என்பது தெரியும்.

வேலி இல்லாததால் பிழைத்தார்கள்

இங்கிலாந்தில் பிராட்போர்டு என்று ஒரு ஊர். 1985 மே 11-ந்தேதி அங்கே கால்பந்து ஆட்டம் நடந்தபோது பழைய மர கேலரியில் தீப்பிடித்தது. அடியில் வருஷக்கணக்காக சேர்ந்து கிடந்த குப்பை! சில நிமிஷத்தில் கேலரி முழுக்க எரிந்துவிட்டது. 56 பேர் பலி. பின்பக்கம் ஓடியவர்களில் பலர் பூட்டிய கதவுகளில் மோதி கருகினார்கள். முன்பக்கம் மைதானத்துக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள். காரணம், அங்கே வேலி இல்லை.

நாலு வருஷம் கழித்து, 1989 ஏப்ரல் 15-ந்தேதி, அதே இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ மைதானம். இங்கே வேலி இருந்தது. வெளியே நெரிசல் என்று போலீசார் ஒரு கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஏற்கனவே நிரம்பி வழிந்த பகுதிக்குப் போகிற பாதையை அடைக்க மறந்தார்கள். உள்ளே போனவர்கள் முன்னால் நின்றவர்களை கம்பி வேலியோடு வைத்து நசுக்கினார்கள். 97 பேர் உயிர் போனது. வந்த ஆம்புலன்சுகளில் ஒன்றிரண்டுதான் மைதானத்துக்குள் வர முடிந்தது. ரசிகர்களே விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி, அதில் படுக்க வைத்து தூக்கினார்கள்.

பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? குடித்துவிட்டு கலாட்டா செய்ததாக ரசிகர்கள் மேல்! அவர்கள் மேல் தப்பு இல்லை என்று ஜூரி சொன்னது 2016-ல். 27 வருஷம் ஆயிற்று.

இந்தோனேசியாவில் 2022 அக்டோபர் 1-ந்தேதி நடந்தது இன்னும் கொடுமை. சொந்த அணி தோற்ற ஆத்திரத்தில் சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை குண்டு வீசினார்கள், கேலரியில் உட்கார்ந்திருந்தவர்கள் மேலும்! மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது உலக கால்பந்து சம்மேளனத்தின் விதி. கண் எரிந்து ஓடிய ஜனங்கள் குறுகிய கேட்டுகளில் அடைபட்டார்கள். சில கேட்டுகள் சரியாகத் திறக்கவே இல்லை. 135 பேர் பலி.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16-ந்தேதி கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். இரண்டு அணி ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். அடிதடி, ஓட்டம், நெரிசல். 16 பேர் வீடு திரும்பவில்லை.

"இங்கே எதுக்கு இதெல்லாம்?"

தர்மபுரியில் ஆட்டம் என்றால் பள்ளிக்கூட மைதானம், இல்லாவிட்டால் மாவட்ட விளையாட்டு மைதானம். இங்கே ஐம்பதாயிரம் பேரா வரப்போகிறார்கள் என்று கமிட்டிக்காரர்கள் கேட்கலாம்.

கேரளாவில் மலப்புரம் மாவட்டம் வண்டூர் பக்கத்திலும் ஐம்பதாயிரம் பேர் வரவில்லை. 2022 மார்ச்சில் அங்கே நடந்தது ஊர் மைதானத்தில் ஏழு பேர் ஆடுகிற பந்தயம்தான். ஆட்டத்துக்காக அவசரமாகக் கட்டிய கேலரி, ஜனங்களோடு சரிந்தது. ஏராளமானோர் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அவ்வளவு தூரம் ஏன்? தர்மபுரியை அடுத்த தடங்கத்தில் 2023 ஜனவரியில் ஜல்லிக்கட்டு பார்க்க வந்த 14 வயது பையன் மாடு முட்டி இறந்தான். அவன் மாடு பிடிக்க வரவில்லை, வேடிக்கை பார்க்க வந்தவன். வேடிக்கை பார்க்கிறவன் எங்கே நிற்பான், எந்தப் பக்கம் ஓடுவான் என்பதை பந்தயம் எதுவானாலும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை, கடைக்காரர்கள் மனக்கணக்காகவே போட்டுவிடலாம். சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிஷத்துக்கு 82 பேர் வெளியேறலாம், எட்டு நிமிஷத்துக்குள் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும் என்பது இங்கிலாந்து மைதானங்களுக்கான வழிகாட்டி. அப்படியானால் பத்தடி கேட் ஒன்றில் நிமிஷத்துக்கு 250 பேர், எட்டு நிமிஷத்தில் 2 ஆயிரம் பேர். மைதானத்தில் 5 ஆயிரம் பேர் இருந்து ஒரே ஒரு கேட் திறந்திருந்தால் 20 நிமிஷம் ஆகும். தீப்பிடித்தால் 20 நிமிஷம் யார் காத்திருப்பார்கள்?

2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டம் கொச்சியில் நடந்தபோது, அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் சுமார் 29 ஆயிரம் பேரைத்தான் விட்டார்கள். ஆபத்து நேரத்தில் ஜனங்கள் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதற்காக. டிக்கெட் வருமானம் போச்சே என்று சிலர் புலம்பியிருக்கலாம். புலம்பட்டும்.

தர்மபுரியில் இதற்கெல்லாம் கோடி ரூபாய் தேவையில்லை. ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு ஆள், கையில் சாவியோடு, ஆட்டம் முடிகிற வரை நகராமல் நிற்க வேண்டும். டீ குடிக்கப் போனால் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்! ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போதே எல்லா கேட்டையும் விரியத் திறந்துவிட வேண்டும். இலவசமாகப் பார்க்க வந்தாலும் தலையை எண்ணித்தான் உள்ளே விட வேண்டும். 108 ஆம்புலன்ஸ் வந்து போகிற வழியில் பிரமுகர்களின் கார்களை நிறுத்தக்கூடாது. இது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கரண்ட் போனாலும் பேசுகிற மைக் ஒன்று வேண்டும். இருட்டில் வதந்தி கிளம்பினால் ஜனங்களை நிறுத்த வேறு வழி கிடையாது.

அனுமதி கேட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு கமிட்டிக்காரர்கள் மனு கொண்டு வருவார்கள். தலைமை தாங்குபவர் யார், பரிசு கொடுப்பவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். எந்த கேட்டின் சாவி யாரிடம், அவருடைய போன் நம்பர் என்ன என்பதையும் அதே மனுவில் எழுதி வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போடட்டும்.