வேரைத் தேடுகிறவளிடம் சான்றிதழ் கேட்காதீர்கள்

ஸ்பானியக் கவிதை என்றதும் நம் வாசகர்கள் லோர்கா என்பார்கள், நெரூதா என்பார்கள். சகாராவுக்குத் தெற்கே ஸ்பானியத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரு நாடு இருப்பது பலருக்குத் தெரியாது. 1968 அக்டோபர் 12 வரை ஸ்பெயினின் காலனியாக இருந்த எக்குவடோரியல் கினிதான் அது.

அந்நாட்டின் கொரிஸ்கோ என்ற சிறு தீவில் பென்கா இனத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்தவர் ரகேல் இலோம்பே. சின்னஞ்சிறு வயதிலேயே ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே வளர்ந்தார். 1978இல் மத்ரித்தில் வெளிவந்த அவருடைய ‘செய்பா’, அந்நாட்டுப் பெண் ஒருவரின் முதல் கவிதை நூலாகக் கருதப்படுகிறது. செய்பா என்பது நம் இலவ மரம்தான். அந்நாட்டுக் கொடியின் நடுவிலும் அதுவே நிற்கிறது.

‘ஸ்பெயினில் வளர்ந்தவள் எப்படி ஆப்பிரிக்கக் கவிஞர்?’ என்று இப்படிப்பட்ட பெண்களிடம் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. பாரிஸில் படித்து, பிரெஞ்சில் எழுதி, 1983இல் பிரெஞ்சு அகாதெமிக்கே தேர்வான செங்கோரை ஆப்பிரிக்கக் கவிஞர் அல்ல என்று யார் தள்ளிவைத்தார்கள்? ஆண் கடல் கடந்தால் அனுபவம். பெண் கடந்தால் கலப்படம்.

இன்னொரு கூட்டம் அவருக்கு இடம் தருகிறது, ஆனால் ஓரத்தில். ‘அந்தரங்க ஏக்கம், அரசியல் இல்லை.’ அப்படியா? அவருடைய பிறப்புப் பெயர் ரகேல் தெல் போசோ எபிதா. ஸ்பானிய வழக்கப்படி தந்தையின் பெயர் முன்னே, தாயின் பெயர் பின்னே. நூலின் அட்டையிலோ தந்தையின் பெயரைக் காணோம். ஓர் ஆப்பிரிக்கப் பெயர் இருக்கிறது. இது அரசியல் இல்லையென்றால் வேறு எது?

காலத்தையும் பாருங்கள். அங்கே மசியாஸின் கொடுங்கோல் ஆட்சி, 1979 வரை. இங்கே ஸ்பெயின் அரசு 1971 முதல் 1976 வரை கினி பற்றிய செய்திகளை அரசு இரகசியமாக்கிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. பிறந்த மண்ணைப் பற்றிய பேச்சையே ஓர் அரசு பூட்டி வைத்திருந்த நகரத்தில், பூட்டு திறந்த இரண்டே ஆண்டில், அந்த மண்ணின் மரத்தைத் தலைப்பாக்கி ஒரு பெண் நூல் வெளியிடுகிறாள். அதற்கு நாம் வைக்கும் பெயர் ஏக்கம்!

1981இல் கினி நாட்டுக் கதைகளையும் தொகுத்து வெளியிட்டார். ஸ்பானியக் கவிதைகளை அடுத்து மொழிபெயர்க்க உட்காரும் தோழர்களே, நெரூதாவுக்கு இன்னொரு தொகுப்பு அப்புறம் வரட்டும். முதலில் ‘செய்பா’வைத் தேடியெடுங்கள்.