இடது கதவு ஏன் முணுமுணுக்கிறது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஈப்போவிலிருந்து மைத்துனர் போன் செய்தார். "மச்சான், காரில் இடது பக்கம் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. நாலு ஸ்பீக்கரையும் மாற்றி அம்ப்ளிஃபையரும் போட 850 வெள்ளியாம். முன்பணம் 100 கட்டிவிட்டேன்."

ஏழு வருடக் கார். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குப் புதுத்துணி இன்னும் எடுக்கவில்லை. "சனிக்கிழமை வருகிறேன், அதுவரை யாரும் கதவைக் கழற்ற வேண்டாம்" என்றேன்.

போனதும் முதலில் பார்த்தது ரேடியோ செட்டில் உள்ள பேலன்ஸ், ஃபேடர். சின்னவள் விளையாட்டாக அழுத்தியிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, இரண்டும் நடுவில்தான் இருந்தன. அடுத்து, போனில் பாட்டு வைத்துக் கேட்டுவிட்டு மின்னல் எஃப்எம்முக்கு மாற்றினேன். போனில் மட்டும் ஒரு பக்கம் குறைந்தால் குற்றவாளி போன்தான். அதன் அணுகல்தன்மை அமைப்பில் இடது வலது அளவை மாற்றும் கோடு ஒன்று உண்டு. விரல் பட்டு நகர்ந்துவிடும். இங்கே இரண்டிலும் இடது பக்கம் மந்தம்.

சோதனைக்குப் பாட்டை விடச் செய்தி வாசிப்பு நல்லது. சில பழைய ஸ்டீரியோ பதிவுகளில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறு பக்கமும் பிரிந்திருக்கும், நம்மை ஏமாற்றிவிடும். இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் தலையை வைத்துக் கேளுங்கள். ஓட்டுநருக்கு வலது கதவு பக்கத்திலேயே இருப்பதால் அது எப்போதும் சற்று உரக்கத்தான் கேட்கும். அது பழுதல்ல, பேலன்ஸை இரண்டு புள்ளி இடது பக்கம் தள்ளினால் போதும்.

சாவியை அணைத்துவிட்டு செட்டை வெளியே இழுத்தேன். பின்னால் இடது முன் ஸ்பீக்கரின் வயர் ஜோடியையும் வலது முன் ஜோடியையும் இடம் மாற்றி இணைத்தேன். மந்தம் வலது கதவுக்குத் தாவினால் கோளாறு செட்டில். தாவாமல் இடது கதவிலேயே நின்றால் வயரிலோ ஸ்பீக்கரிலோ. (ஸ்பீக்கர் வயர் காரின் இரும்பில் உரசக்கூடாது, செட்டே போய்விடும். மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் அது ஏர்பேக்குடையது, கை வைக்காதீர்கள்.) மந்தம் இடது கதவை விட்டு அசையவில்லை.

மைத்துனரைக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொன்னேன். கதவு பாதி திறந்தபோது சத்தம் பளிச்சென்று வந்தது, மூடியதும் அடங்கியது. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கும். வயர்களெல்லாம் அதன் வழியாகத்தான் போகும். ஏழு வருடமாகக் கதவோடு மடிந்து மடிந்து உள்ளே செம்பு இழைகள் பெரும்பாலும் அறுந்து, பச்சை பூத்திருந்தது. நம் ஊர் மழைக்கு இது புதிதல்ல.

ஸ்பீக்கரையும் மல்டிமீட்டரில் பார்த்தேன். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 வரை காட்டினால் சுருள் நலம், இது 3.5. பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, அறுந்த இடத்தில் புது வயரைச் சற்றுத் தாராளமாக விட்டு ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். வெறும் டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகிவிடும். செலவு 12 வெள்ளி. கடைசியாக பிளஸ் மைனஸ் மாறவில்லையே என்று சரிபார்த்தோம். மாறியிருந்தால் பேலன்ஸ் நடுவில் இருக்கும்போது பேஸ் காணாமல் போகும், ஒரு பக்கம் தள்ளினால் திரும்பி வரும்.

இத்தனைக்கும் அகப்படாவிட்டால்? இயர்ஃபோனை இடது வலது மாற்றி மாட்டிப் பாருங்கள். அப்போதும் அதே காது மந்தமாகக் கேட்டால் பழுது காரில் இல்லை, மருத்துவரைப் பாருங்கள். ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் நாள் கடத்த வேண்டாம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

முன்பணம் திரும்பி வரவில்லை. மைத்துனர் அந்தக் கடையிலேயே 100 வெள்ளிக்குக் கால்மிதி ஒரு செட் எடுத்துக்கொண்டார்.