கைவிரல் மூட்டுத் தேய்மானம்: பழைய மருந்து புதிய தீர்வாகுமா?

சட்டைப் பொத்தானைப் போடுவது, புட்டியின் மூடியைத் திறப்பது போன்ற அன்றாடக் காரியங்களையே சிரமமாக்கிவிடுவது கைவிரல் மூட்டுத் தேய்மானம். நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடையே இது அதிகம் காணப்படுகிறது. தேய்மானத்தைத் தடுத்து நிறுத்துவதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இதுவரை இல்லை. "வயதானால் வருவதுதான்" என்ற பதிலோடு பல நோயாளிகள் திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நிலையில், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ளாவியா சிக்குட்டினி தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. முடக்குவாதத்துக்கு நெடுங்காலமாக வழங்கப்பட்டுவரும், விலை குறைந்த மெத்தோட்ரெக்ஸேட் மருந்து இதில் பரிசோதிக்கப்பட்டது.

மூட்டுச் சவ்வில் அழற்சி இருப்பது எம்ஆர்ஐ படத்தில் உறுதிசெய்யப்பட்ட 97 பேர் இதில் பங்கேற்றனர். ஆறு மாதங்களுக்குப் பின்னர், நூறு புள்ளி கொண்ட வலி அளவுகோலில், மருந்து உட்கொண்டவர்களுக்குச் சுமார் 15 புள்ளிகளும், மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களுக்குச் சுமார் 8 புள்ளிகளும் வலி குறைந்திருந்தது.

இந்த வேறுபாடு மிதமானதே. தவிரவும், எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தும் என்று கூறிவிட முடியாது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பலன் தரவில்லை என்று 2018இல் பிரிட்டனிலும், கோல்சிசின் பலன் தரவில்லை என்று 2023இல் டென்மார்க்கிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. அழற்சியைத் தணிக்கும் மருந்துகள் அனைத்தும் இந்நோய்க்கு உதவுவதில்லை என்பதையே இவை உணர்த்துகின்றன.

ஆபத்தும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளப்பட வேண்டியது. தவறுதலாக அன்றாடம் உட்கொண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் கண்காணிக்க இரத்தப் பரிசோதனைகள் அவசியம்.

ஆகவே எளிய வழிகளே இன்னமும் முதலிடம் பெறுகின்றன. விரல்களுக்கான உடற்பயிற்சி, கட்டைவிரலைத் தாங்கும் பட்டை, மூட்டுக்குச் சுமை தராமல் வேலை செய்யும் முறை ஆகியவற்றை யூலார் எனப்படும் ஐரோப்பிய வாதநோயியல் அமைப்பு 2018இல் பரிந்துரைத்தது. மருந்துகளில் மேற்பூச்சுக் களிம்பையே அது முதலில் வைத்தது. பராசிட்டமாலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், குளுக்கோசமைனைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் அறிவுறுத்தியது. இவை எதுவும் பயன் தராதபோதே அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

ஆஸ்திரேலிய ஆய்வின் முக்கியத்துவம் மருந்தில் மட்டும் இல்லை. மூட்டுத் தேய்மானம் எல்லோரிடத்திலும் ஒரே நோயல்ல, அழற்சி உள்ளவர்களைத் தனியே இனங்காண வேண்டும் என்பதை அது வலியுறுத்துகிறது. "வயதுதான் காரணம்" என்ற பதிலோடு மருத்துவம் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய ஆதாரம்.