சீருடைப் பணியில் சமத்துவம்: தலையை எண்ணினால் போதுமா?

'முப்படைகளில் இத்தனை பெண்கள் இருக்காங்க' என்று அவ்வப்போது ஓர் எண்ணிக்கை செய்தியாக வரும். எண்ணிக்கை கூடினால் சமத்துவம் வந்துவிட்டதா? இதற்கு விடை தேட டெல்லி வரை போக வேண்டாம், சேலத்திலிருந்தே தொடங்கலாம்.

சேலம் பிரித்திகா யாஷினிக்கு என்ன நடந்தது?

காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு பிரித்திகா விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என இரண்டே கட்டங்கள்தான். திருநங்கைக்கு இடமில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் போய்த்தான் தேர்வே எழுதினார். பிறகு 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு விநாடி சொச்சம் தாமதம் என்று மறுபடியும் சிக்கல். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த தேர்வுகளில் மூன்றாம் பாலினத்தவரையும் சேர்க்கச் சொன்னது. 2017 ஏப்ரலில் தருமபுரியில் பணியேற்றார். நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர்.

அதே 2017-ல், பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு மாலுமியைக் கடற்படை பணியிலிருந்து நீக்கியது. விதிகளில் இடமில்லை என்பதே காரணம். இங்கேயும் அதே 'கட்டம்' பிரச்சினைதான்.

ராணுவத்தில் அளவுகோலே கோணலானது எப்படி?

1992 முதல் பெண்கள் ராணுவத்தில் குறுகிய காலப் பணி அதிகாரிகளாகச் சேர்கிறார்கள். இவர்களுக்கும் நிரந்தரப் பணி வழங்கப் பரிசீலிக்க வேண்டும் என்று 2020 பிப்ரவரி 17-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராணுவமும் தேர்வுக் குழு அமைத்தது. ஆனால் பலர் தேர்வாகவில்லை. ஏன்?

பணியின் 5 அல்லது 10-வது ஆண்டு வரையிலான ரகசிய மதிப்பீட்டு அறிக்கைகளைத்தான் குழு பார்த்தது. பெண்களுக்கு நிரந்தரப் பணியே கிடையாது என்றிருந்த காலத்தில் எழுதியவை அவை. 'எப்படியும் போகப் போறவங்கதானே' என்ற நினைப்பில் எழுதிய அறிக்கை எப்படி இருக்கும்? அதன் பிறகு அவர்கள் செய்த சாதனைகள் கணக்கிலேயே வரவில்லை. உடல் தகுதியிலும் இதே கதை. ஆண் அதிகாரிகள் 25 - 30 வயதில் எட்ட வேண்டிய தகுதியை, 40 தாண்டிய பெண்களிடம் கேட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே விதி, பார்க்க நியாயம்தான். ஆனால் அடி ஒரு தரப்புக்கு மட்டும். 2021 மார்ச் 25 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றது.

அப்படியானால் எதை அளக்க வேண்டும்?

எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது முதல் கேள்வி மட்டுமே. பத்து ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் நீடிக்கிறார்கள், பதவி உயர்வு யாருக்குக் கிடைக்கிறது, புகார் கொடுத்தவர் அதே படைப்பிரிவில் நிம்மதியாக வேலை பார்க்க முடிகிறதா - இவற்றையும் கேட்க வேண்டும். இவற்றோடு, தேர்வு விதிகளையே அவ்வப்போது தணிக்கை செய்ய வேண்டும்.

'தரம் குறைஞ்சிடாதா?' என்று சிலர் கேட்பார்கள். பணிக்கு உண்மையிலேயே தேவையான தகுதியைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தத் தகுதியை ஒருவருக்கு 25 வயதிலும் இன்னொருவருக்கு 45 வயதிலும் சோதிக்காதீர்கள் என்பதே கோரிக்கை.

2025 மே மாதம் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து 17 பெண்கள் முதல் அணியாகப் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அந்தக் கதவும் 2021-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் திறந்ததுதான். ஒவ்வொரு படிக்கும் இவர்களும் வழக்குப் போட வேண்டியிருக்குமா? சமத்துவத்தை அளக்க அதைவிடச் சரியான கேள்வி இல்லை.