கவிதைக்குக் கொஞ்ச நாள் லீவு

இரண்டு வருஷமாக என்னைக் 'கவிஞரே' என்று கூப்பிட்டுக் கிண்டலடிக்கும் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இனி கொஞ்ச நாளைக்கு நான் கவிதை எழுதப் போவதில்லை. (கைதட்டியது போதும், உட்காருங்கள்!) கவிதை நோட்டை மூடி வைத்துவிட்டு உரைநடை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது கதையும் இல்லை, கட்டுரையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எங்கள் திராட்சைத் தோட்டத்தின் ஒரு வருஷக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

விஷயம் தெரிந்ததும் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். "உனக்குக் கவிதைதான் வரும். வர்றதை விட்டுட்டு வராததுக்கு ஏன் மெனக்கெடுற?" என்றது ஒரு கட்சி. "கவிதைப் புஸ்தகம் யாரு வாங்குறா? நாவல்னா விருது, சினிமான்னு போகலாம், நல்ல முடிவு" என்றது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்பதுதான் என் கருத்து. எழுதும் வடிவத்தை மாற்றுவது திறமையையோ சந்தையையோ பொறுத்ததல்ல. கையில் இருக்கும் விஷயம் என்ன கேட்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அடிபட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். இது ஐப்பசி. ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இந்த மாதங்களுக்குப் பெயர் இலையுதிர் காலம். நானும் பழுத்த இலை, உதிரும் இலை, காலடியில் சருகு என்று ஏழெட்டுக் கவிதை எழுதித் தள்ளியிருக்கிறேன். அதுவும் கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு! இங்கே ஐப்பசியில் எந்தக் காடும் இலை கொட்டுவதில்லை. மலையடிவாரத்தில் இலை உதிர்வதெல்லாம் தை, மாசியில்தான். நமக்கு இது கூதிர் காலம், அடைமழைக் காலம். பேரியாற்றுத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் போடும் ஊர்கள் இவை. ஒரு போகத்தை அறுத்துவிட்டு அடுத்த போகத்துக்குத் தயாராகும் நேரம் இது. டீக்கடையில் உட்கார்ந்தால் "பேரியாறு எத்தனை அடி?" என்பதுதான் முதல் பேச்சு. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னதிலிருந்து அந்த எண் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட மனப்பாடம்.

இலையில்லாத செடியைப் பார்க்க ஆசையென்றால் திராட்சைத் தோட்டத்துக்கு வரவேண்டும். இங்கே திராட்சைக்கொடி தானாக மொட்டையாகாது. நாம்தான் கவாத்து வெட்ட வேண்டும். வெட்டி முடித்த பந்தலை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் தோட்டம் பட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் ஏறக்குறைய நாலே மாதத்தில் பழம் வெட்டலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால், பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு மூலையில் வருஷம் முழுக்க அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரெல்லாம் பெருமைப்பட்டோம். ஆனால் குறியீடு வந்தால் மழை வராமல் இருந்துவிடுமா என்ன?

போன ஐப்பசியில் நடந்தது இது. சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. ஆனியில் கவாத்து வெட்டியது, பழம் கறுத்து நின்றது. வெட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. பழுத்த திராட்சை தண்ணீர் குடித்தால் தோல் தாங்காது, வெடித்துவிடும். வெடித்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், ஈ மொய்க்கும். ஒரு கொத்தில் நாலு பழம் வெடித்தால் அந்தக் கொத்தே போச்சு. முன்கூட்டியே பேசி வைத்திருந்த வியாபாரி வந்தார். பந்தலுக்கு அடியில் குனிந்து ஒரு சுற்று சுற்றினார். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி நான் ஒரு கவிதை எழுதினேன். வானம் அழுகிறது என்று ஆரம்பித்து, திராட்சையும் கூடச் சேர்ந்து அழுவதாக முடியும். இருபத்திரண்டு வரி. அடுத்த மாதம் கல்லூரி விழாவில் வாசித்தேன். நல்ல கைதட்டல், இரண்டாம் பரிசு. வீட்டுக்கு வந்து பெருமையாக அப்பாவிடம் நீட்டினேன். அப்பா எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார்.

"நல்லாத்தான்ப்பா இருக்கு. ஆனா எம்புட்டுப் போச்சுன்னு இதுல எங்கயும் இல்லையே?"

"அவன் கவிதைல்ல எழுதியிருக்கான், வட்டிக் கணக்கா எழுதுவான்?" என்றது அப்பத்தா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்பா கேட்டது சரி. அந்தக் கவிதையில் திராட்சை என்ற சொல்லை எடுத்துவிட்டு வெங்காயம் என்று போட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. சுருளிப்பட்டியை எடுத்துவிட்டு எந்த ஊரைப் போட்டாலும் பொருந்தும். அப்பாவுக்கு வந்தது நஷ்டம், எனக்குக் கிடைத்தது பரிசு. இதை யோசிக்க யோசிக்க அந்தப் பரிசுக் கோப்பையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கடைசியில் பரணில் போட்டேன்.

வடிவம் மாறுவதற்கு நம்ம ஜில்லாவிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. வைரமுத்து 1953-ல் பிறந்த மெட்டூர், வைகைக் கரையில் இருந்த ஒரு சின்ன ஊர். (சேலத்து மேட்டூர் இல்லை.) வைகை அணைக்காக அந்த ஊர் காலியானது, குடும்பம் வடுகபட்டிக்கு வந்தது. அணை திறந்தது 1959-ல். கல்லூரியில் படிக்கும்போதே 1972-ல் முதல் கவிதைத் தொகுப்பு 'வைகறை மேகங்கள்'. 1980-ல் 'நிழல்கள்' படத்துக்குப் பாட்டு. அதன்பின் பாட்டு, பாட்டு, பாட்டு. ஊர் முழுகிய கதையை முழு நாவலாக, 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக, ஆனந்த விகடனில் அவர் எழுதியது 2001-ல். 2003-ல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அணை திறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதற்குள் பெயர், புகழ், பணம் எல்லாம் பாட்டிலேயே வந்துவிட்டது. சந்தைக்காக நாவலுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பிறகு ஏன்? நான் புரிந்துகொண்டது இதுதான். ஒரு ஊர் தண்ணீருக்குள் போவது வெறும் சோகம் மட்டும் இல்லை. அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நம்ப மாட்டார்கள், பிறகு நோட்டீஸ் வரும், பிறகு நஷ்டஈட்டுப் பேச்சு, முதலில் கிளம்புகிறவன், கடைசி வரை கிளம்பாத கிழவன். பேயத்தேவர் என்ற அந்தக் கிழவரை ஐந்து நிமிஷப் பாட்டுக்குள் உட்கார வைக்க முடியாது. அவருக்கு நிலம் வேண்டும், கிணறு வேண்டும், வருஷங்கள் வேண்டும். நாவலில் சில இடங்களில் கவிஞர் எட்டிப் பார்க்கிறார் என்பது என் குறை. உவமை ஒன்று தேவைக்கு மேல் நிற்கும். ஆனால் வைகை அணைப் பூங்காவுக்குச் சுற்றுலா போகும்போதெல்லாம் எனக்குத் தண்ணீருக்கு அடியில் வீடுகள் தெரிகின்றன என்றால், அது உரைநடை செய்த வேலை.

இன்னொரு அணை, இன்னொரு கவிஞர். அ. வெண்ணிலா நம்ம பக்கத்து ஆள் இல்லை, வந்தவாசிக்காரர், ஆசிரியர். கவிதையால் அறியப்பட்டவர் 2018-ல் ராஜேந்திர சோழனை வைத்துக் 'கங்காபுரம்' என்ற நாவலை எழுதினார். பிறகு முல்லைப் பெரியாறு அணை கட்டிய கதையை 'நீரதிகாரம்' என்று ஆனந்த விகடனில் தொடராக எழுதினார்.

இங்கே பென்னிகுவிக் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வீடுகளையும் கடைகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபமும் திறந்தாயிற்று. நன்றி மறக்காத ஊர் நம்முடையது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒருவரைச் சாமியாக்கியதும் கதை நின்றுவிடுகிறது. சாமிக்குப் பாட்டு போதும். மனுஷனுக்குத்தான் நாவல் வேண்டும். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷத்துக்கு எழுதிய குத்தகை, 1887-ல் ஆரம்பித்து 1895 அக்டோபரில் திறப்பு விழா காணும் வரை காட்டுக்குள் நடந்த வேலை, சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்த கை, காய்ச்சலில் செத்துப்போன கூலிகள், இத்தனையும் சேர்ந்தால்தான் அணை. இது ஒரு ஆளின் தியாகத்தைப் பற்றிய கவிதைக்குள் அடங்காது. வெண்ணிலாவின் கையில் கவிதை இருந்தும் அவர் நாவலை எடுத்தது இதனால்தான் இருக்கும்.

அப்படியென்றால் கவிதை கீழ்ப்படி, நாவல் மேல்படி என்று இரண்டாவது கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். எதிர்த் திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார் பெருமாள்முருகன். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அவர் கொண்டுவந்தது நாவல் இல்லை, 'கோழையின் பாடல்கள்' என்ற கவிதைத் தொகுப்பு. நம் பெரியாறு அணை திறந்த அதே 1895-ல் இங்கிலாந்தில் தாமஸ் ஹார்டியின் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' வெளிவந்து வாங்கிக் கட்டிக்கொண்டது. அதன்பின் அவர் புதிதாக நாவல் எழுதவில்லை. 1898-ல் முதல் கவிதைத் தொகுப்பு, 1928-ல் சாகும் வரை கவிதைதான். ஊரே ஒருவரைப் பார்த்துக் கத்தும்போது நானூறு பக்கத்துக்கு மூச்சு இருக்காது. நாலு வரிக்குத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அந்த நாலு வரிதான் சரியான வடிவம்.

"நஷ்டத்தைக் கவிதையில் சொல்லவே முடியாதா?" என்று கேட்பீர்கள். ஏன் முடியாது? அடுப்பில் காளான் பூத்த வறுமையைச் சங்கப் புலவர்கள் பாடவில்லையா? முடியும். என் கையால்தான் முடியவில்லை. எனக்குக் கவிதை ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது. தெரியாததையெல்லாம் மூன்று புள்ளி வைத்துத் தாண்டிவிடலாம். அது கவிதையின் குற்றம் இல்லை, என் குற்றம். உரைநடை என்னைத் தாண்ட விடவில்லை. மருந்து எத்தனை தடவை அடித்தோம்? கவாத்துக்கு எத்தனை ஆள்? கூலி யாரிடம் கடன் வாங்கிக் கொடுத்தோம்? ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. போய் அப்பாவிடம் கேட்டேன். முதலில் "இதெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்றார். பிறகு சுவரில் மாட்டிய தினசரி காலண்டரின் கிழித்த தாள்களைக் கட்டாக எடுத்து வந்தார். பின்பக்கமெல்லாம் பென்சில் கணக்கு. அப்பாவைப் பற்றி இரண்டு வருஷமாகக் கவிதை எழுதிய நான், அவரிடம் ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தத் தாள்களைப் பார்த்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. திராட்சையை எடுத்துவிட்டு வாழையோ தென்னையோ வைக்கலாமா என்று அப்பா கோடையிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இரண்டு தோட்டம் மாறிவிட்டது. "அப்ப நாமளும் மாத்திரலாமேப்பா" என்றேன்.

"மண்ணு கேட்டா மாத்தலாம்ப்பா. பக்கத்துத் தோட்டக்காரன் மாத்துனான்னு மாத்துனா, பந்தலுக்குப் போட்ட காசு கூடத் தேறாது."

இன்னும் முடிவு செய்யவில்லை. இந்தத் தடவை வெட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பழம் கறுத்துக்கொண்டிருக்கிறது. வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருப்பது கதையாகுமா, வெறும் கணக்காகுமா என்று எனக்கும் தெரியாது.

முதல் பன்னிரண்டு பக்கத்தைப் போன வாரம் அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துப் படித்தார். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏழாம் பக்கத்தில் 'ஒன்பது' என்று நான் எழுதியிருந்ததைப் பென்சிலால் அடித்துப் 'பதினொண்ணு' என்று போட்டிருந்தார்.

"மருந்து ஒம்பது தடவ இல்லப்பா, பதினொண்ணு. ரெண்டு தடவ அடிச்சது அன்னைக்கே மழையில கழுவிட்டுப் போயிருச்சு. அதுக்கும் காசு காசுதான?"

திருத்திவிட்டேன். பதிமூன்றாம் பக்கத்தில் வியாபாரி வருகிறார், பந்தலுக்கு அடியில் குனிகிறார். அங்கே நிற்கிறது.