ஒரு கூட்டத்தோடு ஓய்ந்துவிடலாமா?

சில வாரங்களுக்கு முன்னர் சகோதரி ஒருவர் எம்மிடம் தமது துயரைக் கூறினார். அவருடைய கணவர் நெடுங்காலமாக மதுவுக்கு அடிமைப்பட்டவர். உற்றார் வற்புறுத்தியதன்பேரில், குடியை விட விரும்புவோர் கூடும் கூட்டமொன்றிற்கு ஒருநாள் சென்றிருக்கின்றார். திரும்பி வந்ததும், "அங்கே எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள், எனக்கு அது சரிவராது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மாலை தவறணைக்கே போய்விட்டாராம். "இவருக்கு இனி வேறு வழியே இல்லையா?" என்று அச்சகோதரி கேட்டபோது எமது நெஞ்சம் கனத்தது.

வழி உண்டு என்பதே எமது விடை. ஒரு கூட்டம் ஒருவருக்குப் பொருந்தவில்லையென்றால், எந்தக் கூட்டமும் அவருக்குப் பொருந்தாது என்பது பொருளன்று. செருப்புக் காலைக் கடித்தால் செருப்பை மாற்றுகின்றோமேயன்றி, நடப்பதை விட்டுவிடுகின்றோமில்லை.

இத்தகைய கூட்டங்கள் தோன்றிய வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் ரொபேட் சிமித் என்னும் சத்திர வைத்தியர் வாழ்ந்தார். குடியை விடவேண்டுமென்று ஒக்ஸ்போட் குழு என்ற சமயக் கூட்டத்திற்கு அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்றுவந்தார், பிரார்த்தித்தார், ஆயினும் குடி அவரை விடவில்லை. 1935 ஆம் ஆண்டு மே மாதத்தில், நியூ யோர்க்கிலிருந்து வணிக அலுவலாக வந்திருந்த வில்லியம் வில்சன் என்பவரை அவர் சந்தித்தார். வில்சனும் குடியால் வீழ்ந்து, சில மாதங்களுக்கு முன்னரே எழுந்தவர். கால்மணி நேரம் மட்டுமே இருப்பேன் என்று வந்த வைத்தியர், பல மணி நேரம் இருந்து பேசினார். உபதேசம் செய்வோரை அவர் நிறையக் கண்டிருந்தார். தம் நோயைத் தாமே அனுபவித்த ஒருவரை அன்றுதான் கண்டார்.

அதன் பின்னரும் அவர் ஒருமுறை சறுக்கினார். வைத்தியர் மகாநாடொன்றிற்குச் சென்றவர் குடித்துவிட்டே திரும்பினார். ஆனால் தோழமை அறுந்துபோகவில்லை. 1935 ஜூன் 10 ஆம் நாள் அவர் கடைசியாகக் குடித்த நாள் எனக் கொண்டு, அதையே ஏ.ஏ. எனப்படும் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் சங்கம் தன் பிறந்த நாளாகப் போற்றுகின்றது.

பேசிக்கொண்டிருந்தால் பிணி தீருமா என்று ஐயுறுவோர் உளர். 2020 ஆம் ஆண்டில் கொக்ரேன் நிறுவனம் 27 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தது. மதுவைத் தொடர்ந்து விலக்கியிருப்பதற்கு, ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை வேறு முறைகளிலும் மேலான பயன் தந்ததை அது எடுத்துக்காட்டியது.

இனி, ஏற்ற கூட்டத்தைத் தேடும் முறையைக் கூறுவோம். முதலாவது மொழி. வெட்கத்தையும் வேதனையையும் வீட்டில் பேசும் மொழியில்தான் மனந்திறந்து சொல்லமுடியும். அடுத்தது நேரம். எந்த வேளையில் மனம் தவறணையை நாடுகின்றதோ, அந்த வேளையில் நடக்கும் கூட்டமே நன்று. சில கூட்டங்களுக்கு எவரும் வரலாம்; சில, குடியை விட விரும்புவோருக்கு மட்டுமே உரியவை. மனைவியோடு சென்று பார்க்க விரும்புபவர் முன்னதற்குச் செல்லலாம். பேச மனமில்லாதவர் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். கட்டணமில்லை, விரும்பியதை இடலாம். கடவுளை அவரவர் அறிந்தவாறு கொள்ளலாம் என்பதே அவர்கள் கொள்கையாதலால், எச்சமயத்தவரும் தயங்க வேண்டியதில்லை.

ஒரே இடத்திற்குச் சில முறையேனும் சென்ற பின்னரே முடிவு செய்தல் வேண்டும். "இவர் சொல்வது என் கதையன்றோ!" என்று எங்கே தோன்றுகின்றதோ, அதுவே உரிய இடம். ஆனால், அங்கே கேட்டதை வெளியில் பரப்புவோரும், வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்வோரும் உள்ள இடத்தை விட்டு விலகுதலே நலம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் முதலில் வைத்தியரைக் காண்பது அவசியம்.

குடும்பத்தினரும் தனியே அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951 இல் தொடங்கிய அல்-அனொன், குடிப்பவரின் மனைவி, பெற்றோர் முதலியோருக்கானது. 1957 இல் அதிலிருந்து தோன்றிய அலற்றீன் இளைஞர்களுக்குரியது. தந்தையின் குடியை மறைத்துக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் மாணவரே, அக்குற்றம் உம்முடையதன்று என்பதை அறிந்துகொள்வீராக.

அச்சகோதரிக்கு நாம் கூறியது இதுதான்: "அவர் ஒருமுறை சென்றாரே, அதுவே பெரிது. தோற்றுவிட்டார் என்று சொல்லாதீர்கள். தமிழில் பேசும் கூட்டம் எங்கே நடக்கிறதென்று விசாரித்து, அவர் தெளிந்திருக்கும் காலைப்பொழுதில் மெல்லச் சொல்லுங்கள்." தவறணைக்குப் பலநூறு தடவை நடந்த கால்களை, இரண்டாவது கூட்டத்திற்கும் மூன்றாவது கூட்டத்திற்கும் நடக்கச் சொல்வது மிகையாகுமா?